ஒன்னேகால் மூட்டை

எனக்குக் கோபம் வந்தால் அரை மணி நேரத்தில் அடங்கிவிடும் என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். சுத்தப் பொய். நான்கு வருடமாக ஒரு கோபம் அப்படியே இருக்கிறது. யார்மேல் என்பதில்தான் குழப்பம். முதலில் டயர்மேல் இருந்தது. பிறகு ஒரு ஸ்பீடு பிரேக்கர்மேல். அதன்பிறகு முகம் தெரியாத ஒரு வெள்ளைக்காரன்மேல். இன்று யார்மேல் இருக்கிறது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் முடித்தவன் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை, வழக்கில் முதல் குற்றவாளியை அடையாளம் காட்ட வேண்டாமா? மெக்கானிக்கல் டிப்ளமோ வாங்கிய நாளிலிருந்து வீட்டில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. ஃபேன் சுற்றாவிட்டாலும் என்னைத்தான் கேட்பார்கள், பல் வலித்தாலும் என்னைத்தான் கேட்பார்கள். நானும் வெட்கமில்லாமல் இரண்டுக்கும் பதில் சொல்வேன்.

வேலைக்குச் சேர்ந்ததும் செகண்ட் ஹேண்டில் ஒரு ஆஃப்ரோடு பைக் வாங்கினேன். ஒட்டகத்துக்கு சைலன்சர் வைத்தது மாதிரி நெட்டையாக இருக்கும். செவிலிமேட்டிலிருந்து இறங்கினால் பாலாற்று மணல். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய் ஓட்டுவேன். வண்டியில் ஒரு குறையும் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அப்போதுதான் வீடியோவில் அந்த வெள்ளைக்காரனைப் பார்த்தேன். தாடி வைத்த ஆள். பாறைமேல் பைக்கை ஏற்றி இறக்குகிறான். ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கு, டயரை மாற்று, வண்டி நீ சொன்னபடி கேட்கும் என்கிறான். நான் நோட்டுப் புத்தகத்தில் குறிப்பெடுத்துக்கொண்டே பார்த்தேன் (ஆமாம், நோட்டுப் புத்தகத்தில்). பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார்.

அப்பா ஓரிக்கைப் பக்கம் ஒரு மண்டியில் நெல் மூட்டை தூக்குகிறவர். மூட்டை என்றால் எழுபத்தைந்து கிலோ. முப்பது வருடமாகத் தூக்கித் தூக்கி, யாரைப் பார்த்தாலும் எடை சொல்லிவிடுவார். கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளை எத்தனை மூட்டை, பெண் எத்தனை மூட்டை என்று என் காதில் சொல்லி மானத்தை வாங்குவார்.

"தம்பி, இந்த ஆளு ஒன்னேகா மூட்ட இருப்பான்பா" என்றார்.

"அதுக்கு?"

"நீ முக்கா மூட்டகூட தேறமாட்டியே. அவனைத் தாங்குற ஸ்பிரிங்கு உனுக்கு..."

"அப்பா, இது சஸ்பென்ஷன். மண்டி இல்ல. உனக்குப் புரியாது."

"ஆமாம்பா" என்றார்.

கோபித்துக்கொள்ளவில்லை, முகம்கூட மாறவில்லை. சாதாரணமாக "ஆமாம்பா" என்றுவிட்டு டீயை ஊதிக் குடித்தார். இதை எழுதும்போதே பல்லைக் கடிக்கிறேன்.

ஸ்பிரிங் பார்சலில் வந்தது. பாஷா பாய் என் நண்பன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மெக்கானிக் ஷெட் வைத்திருப்பவன். ஸ்பிரிங்கைக் கையில் வாங்கி அமுக்கிப் பார்த்தான்.

"இன்னா ப்ரோ, கல்லு மாதிரி இருக்குது. யாருக்கு?"

"எனக்குத்தான்."

என்னை மேலிருந்து கீழே பார்த்தான். நான் ஐம்பத்திரண்டு கிலோ. "உனுக்கா? சரி, நீ படிச்சவன் சொல்ற. போட்டுக்கினு போ."

முன்னாலும் பின்னாலும் ஸ்பிரிங் மாறியது. டயரும் மாறியது. பலாப்பழத் தோலைப் பெரிதாக்கியது மாதிரி கட்டை கட்டையாக இருக்கும் டயர். மணலில் பிடிப்பு வேண்டும் என்றால் காற்றைக் குறை என்பது வீடியோ பாடம். குறைத்தேன். வண்டி வாசலுக்கு வந்ததும் அம்மா எலுமிச்சம்பழத்தோடு நின்றாள்.

"வண்டி பழசும்மா."

"டயரு புதுசு இல்லியா? ஏத்து."

மஞ்சள் குங்குமம் வைத்து, பழத்தை டயருக்குக் கீழே வைத்தாள். ஏற்றினேன். இறங்கிப் பார்த்தால் பழம் இரண்டு கட்டைகளுக்கு நடுவே சொகுசாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு சொட்டுச் சாறு இல்லை.

"ஏம்பா, பழமே நசுங்கல. டயருல காத்து இருக்குதா இல்லியா?"

"வேணும்னேதாம்மா குறைச்சிருக்கேன். டயர் தரையோட ஒட்டணும். இது டெக்னிக்."

"டெக்னிக்கா? சரி சாமி" என்று பழத்தை நோண்டி எடுத்துத் தன் காலாலேயே மிதித்து நசுக்கிவிட்டு உள்ளே போனாள்.

அன்று சாயங்காலம் பாலாற்றில் இறக்கினேன். ஸ்பிரிங் அசையவே இல்லை. மேலே ஒருவன் உட்கார்ந்திருக்கிறான் என்பதே வண்டிக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு மேட்டிலும் என்னைத் தூக்கித் தூக்கி எறிந்தது. மூன்று முறை மணலில், ஒரு முறை முள்செடியில். புத்தியுள்ளவன் நேராக பாஷாவிடம் போயிருப்பான். நான் என்ன செய்தேன்? வண்டி இவ்வளவு முரடாக இருப்பதற்குக் காற்று இன்னும் அதிகமாக இருப்பதுதான் காரணம் என்று கண்டுபிடித்து, மிச்சமிருந்த காற்றிலும் பாதியைத் திறந்துவிட்டேன்.

மறுநாள் ஞாயிறு. தங்கை கவிதாவுக்கு அரசு வேலைத் தேர்வு. வீட்டில் இரண்டாவதாகப் படித்தவள் அவள். இரண்டு வருடமாகக் கல்யாணம் காட்சி எதற்கும் வராமல் படித்தாள். தேர்வு பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில். ஒன்பது மணிக்கு கேட்டை மூடுவார்கள். அதன்பிறகு யார் போய் அழுதாலும் திறக்கமாட்டார்கள். டவுன் பஸ்ஸில் போவதாக இருந்தாள்.

"பஸ்ஸா?" என்றேன். "நான் எதுக்கு இருக்கேன்?"

"வேணாம்ணா. பஸ்ஸுல போனா ஒருவாட்டி எல்லாத்தையும் பொரட்டிப் பாத்துக்கினே போவேன்."

"பத்து நிமிஷத்துல போய்டலாம். மிச்ச நேரம் அங்க உக்காந்து பொரட்டு."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா என்னைப் பார்த்தார். "தம்பி சொல்றான் இல்ல? போமா" என்றார். ஸ்பிரிங் கெட்டியானதில் சீட் இன்னும் ஒரு ஜாண் உயர்ந்திருந்தது. கவிதா துணி துவைக்கிற கல்மேல் ஏறி, அங்கிருந்து வண்டிமேல் ஏறினாள்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், வண்டி தேர் மாதிரி போனது. நேற்று கட்டையாக நின்ற ஸ்பிரிங் இன்று இதமாக இறங்கி ஏறியது. எல்லாம் காற்றைக் குறைத்த மகிமை என்று எனக்கு நானே கை கொடுத்துக்கொண்டேன். முன்னால் டவுன் பஸ் போய்க்கொண்டிருந்தது. சும்மா போகாமல், நீளமாக ஹாரன் அடித்து அதை ஓவர்டேக் செய்தேன்.

அடுத்தது ஸ்பீடு பிரேக்கர். இந்த ஸ்பிரிங்குக்கு ஸ்பீடு பிரேக்கர் எல்லாம் எம்மாத்திரம் என்று வேகத்தைக் குறைக்கவில்லை.

டமார். பிறகு புஸ்ஸ்ஸ்.

பின்பக்கம் பாம்பு மாதிரி நெளிந்தது. வண்டி, நான், கவிதா மூவரும் சாலையோரம் இளநீர்க் கடைக்காரர் குவித்திருந்த மட்டைகள்மேல் போய் விழுந்தோம்.

"கவிதா! அடி பட்டுச்சா?"

"ஹால் டிக்கெட்டு! ஹால் டிக்கெட்டு எங்க?"

அது அவளுடைய இடது கையிலேயே இருந்தது. வலது கையைத்தான் ஊன்றி விழுந்திருக்கிறாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணிக்கட்டு புசுபுசுவென்று வீங்கியது. எனக்குப் பதற்றத்தில் பாடம்தான் வந்தது.

"அது ஒண்ணும் இல்ல கவிதா. காத்து கம்மியா இருந்தா ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவுல ட்யூப் மாட்டிக்கும், அப்ப..."

"அண்ணா, வாய மூடு."

டிப்ளமோ வாங்கியபின் எங்கள் வீட்டு ஆள் ஒருவர் என்னை வாயை மூடச் சொன்னது அதுவே முதல்முறை. அதற்குள் அந்த பஸ் வந்தது. நான் ஹாரன் அடித்துத் தாண்டிய அதே பஸ். கவிதா நடுரோட்டில் நின்று கையைக் காட்டினாள்.

"இங்கலாம் ஸ்டாப்பிங் இல்லமா!" என்று கத்தினார் கண்டக்டர்.

"எக்ஸாமு சார்!"

"ஏறு, ஏறு, சீக்கிரம்." பிறகு மட்டைகளுக்கு நடுவே நின்ற என்னைப் பார்த்தார். "இன்னா தம்பி, ஆரன்லாம் பலமா அடிச்சிக்கினு போன? நீயும் ஏறிக்கிறியா?"

ஜன்னல் ஜன்னலாகச் சிரித்துக்கொண்டே பஸ் போனது. அவளுக்கு டிக்கெட்கூட இலவசம்.

கேட் மூடுவதற்குள் போய்விட்டாள். ஆனால் விடைத்தாளில் வட்டங்களைக் கறுப்பாக்க வேண்டுமே. வீங்கிய கை வலித்து வலித்து, கடைசி இருபது கேள்விகளை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். விடை தெரிந்த கேள்விகள். அந்த வருடம் அவளுக்குக் கிடைக்கவில்லை.

அன்று மாலை கையில் கட்டோடு அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எனக்கு வெறி பிடித்தது. அதை யார்மேல் காட்டினேன் தெரியுமா? அப்பாமேல்.

"எடை ஒத்துவராதுன்னு தெரிஞ்சும் ஏன்பா கம்முனு இருந்த?"

"சொன்னனேபா. புரியாதுன்ன. சரி, படிச்சவன் சொல்றான்னு விட்டுட்டேன். அப்புறம் பாப்பாவ ஏத்திக்கினதும் பாத்தேன். நீ முக்கா, அவ அரைக்கு மேல. சேத்தா ஒன்னேகா மூட்ட, கரெக்ட்டா வருது. ஓகோ, தம்பி இதுக்குத்தான் கணக்கு போட்டு வச்சிக்கிறான்னு நெனச்சேன்."

வண்டி ஏன் தேர் மாதிரி போனது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று ஸ்பிரிங்மேல் தப்பே இல்லை.

"காத்து இல்லன்னு நானுந்தான் கேட்டேன்" என்றாள் அம்மா, சுவரைப் பார்த்து.

கவிதா எழுந்தாள். அவள் கத்தியது என்னைப் பார்த்து அல்ல. "ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிக்கிது. ஒரு ஆளாவது இவனை ஓங்கி ஒரு அறை உட்டிருந்தா என் கை நல்லா இருந்திருக்கும்! படிச்சா இன்னா? படிச்சவன் தப்பே பண்ணமாட்டானா?"

பிறகு அம்மா ஆரம்பித்தாள். ஐந்து வருடம் தேக்கிவைத்தது மொத்தமும் வந்தது. "பல்லு வலிக்குதுன்னா உப்புத்தண்ணி ஊத்து, நரம்புன்னு இன்னான்னாவோ சொன்ன! கடைசில பல்லப் புடுங்க வேண்டியதாப் போச்சு! ஃபேனக் கழட்டுன, இன்னும் மாட்டல!" அப்பாவும் சேர்ந்துகொண்டார். நான் வாங்கிய முதல் முழுத் திட்டு அது. மடையன் என்றார் அப்பா, கொஞ்சம் பயந்துகொண்டே. பிறகு ருசி கண்டு இன்னொரு முறை சொன்னார்.

அடுத்த வருடம் கவிதா பஸ்ஸில் போய்த் தேர்வு எழுதினாள். வேலை கிடைத்தது. இன்றும் பஸ்ஸில்தான் ஆபீஸ் போகிறாள். என் வண்டியில் பழைய ஸ்பிரிங்கே திரும்ப வந்துவிட்டது. டயர் மாற்றினால் அம்மா எலுமிச்சம்பழம் வைக்கிறாள். சாறு தெறித்தால்தான் வண்டி தெருவில் இறங்கும். நான் எதையாவது விளக்க ஆரம்பித்தால் போதும், "எத்தன மூட்ட?" என்று யாராவது கேட்பார்கள். சொந்தக்காரர்கள்வரை பரவிவிட்டது.

கோபம் யார்மேல் என்று சொல்வதாகச் சொன்னேன். அந்த "ஆமாம்பா"மேல். அதை அவர் வாயில் வைத்த என்மேல்.

இதை எழுதி முடித்ததும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"எல்லாம் சரிதான். ஒண்ணுதான் தப்பா இருக்குது" என்றார்.

"என்னப்பா?"

"அந்த வெள்ளக்காரன் ஒன்னேகா இல்ல. நல்லா நெனச்சிப் பாத்தா ஒன்னரை மூட்ட வருவான். தலைப்ப மாத்து."

"அப்பா, கட்டுரைக்குத் தலைப்பு வைக்கிறதுன்னா அது வந்து..."

உள்ளேயிருந்து கவிதாவின் குரல் வந்தது.

"அண்ணா, வாய மூடு."