வெங்காய மசோதா

"சார், பிரதமரைக் கவுத்துட்டோம்" என்றான் ஹீத்.

பிரூவெட் சார் அப்போதுதான் தேநீரை வாயருகே கொண்டுபோயிருந்தார். "யாரைடா?"

"டாலியாவை."

"காலையிலதானே அவ பதவியேத்தா?"

"மக்கள் நம்பிக்கையை இழந்துட்டா சார்."

"எந்த மக்கள்?"

ஹீத் திரும்பி மண்டபத்தைப் பார்த்தான். "இவங்கதான்."

வாலூரா ஊர் மண்டபத்தில் வருடாவருடம், பிள்ளைகளே ஒருநாள் நாடாளுமன்றம் நடத்திப் பார்க்கும் மாணவர் ஆட்சி அரசியல் கருத்தரங்கை, பெற்ற பிள்ளையைப் போல வளர்த்தவர் பிரூவெட். ஊர்க் கவுன்சில் தேர்தலில் நின்றபோதெல்லாம் தோற்றவர். ஜனநாயகம் அவர் பேச்சைக் கேட்பது இந்த ஒரு நாள்தான். அதற்கும் இப்போது ஆபத்து. தலைமையாசிரியை கறாராகச் சொல்லிவிட்டார்: "சாயங்காலம் எம்.பி. வர்றாங்க. பசங்க ஒரு சட்டமாவது நிறைவேத்திக் காட்டணும். இல்லேன்னா அடுத்த வருஷம் அந்த நாள் ரக்பி டீமுக்கு."

அதனால் இருப்பதிலேயே சாதுவான மசோதாவாகப் பார்த்து எடுத்திருந்தார். தேர்தல் நாளில் வாக்குச்சாவடி வாசலில் விற்கும் சாஸேஜ் ரொட்டியில், வதக்கிய வெங்காயம் மேலே இருக்க வேண்டுமா, அடியில் இருக்க வேண்டுமா? அரைமணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நம்பினார்.

ஆனால் எதிர்க்கட்சியாக இருக்க ஒருவரும் சம்மதிக்கவில்லை. எல்லோரும் ஆளுங்கட்சி. எதிர்வரிசையில் அவர்களுடைய பைகள் மட்டும் உட்கார்ந்திருந்தன. இந்த நாட்டில் பிரதமரை மாற்ற ஜனங்கள் வேண்டியதில்லை. சொந்தக் கட்சிக்காரர்களும் கதவு சாத்துகிற ஒரு அறையும் இருந்தால் போதும். அதை மட்டும் பிள்ளைகள் எந்த வாத்தியாரும் இல்லாமலே டிவியில் பார்த்துக் கற்றிருந்தார்கள். அந்த அறையாக இங்கே மண்டபத்து அடுக்களை அமைந்தது.

புதுப் பிரதமர் ஹீத் எழுந்து, "வெங்காயம் அடியில..." என்று ஆரம்பித்தான். வாக்கியம் முடிவதற்குள் அடுக்களைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. திறந்தபோது சியோனே என்ற பையன் பிரதமர்.

ஹீத் வாசலில் நின்று, இல்லாத நிருபர்களைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இனிமே குடும்பத்தோட நேரம் செலவழிக்கப் போறேன்."

"உங்கம்மா உன்னை இங்க அனுப்பினதே ஒருநாள் நிம்மதியா இருக்கத்தான்டா" என்றாள் டாலியா.

பிரூவெட் அடுக்களையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். அது தப்பாகப் போயிற்று. நடந்துபோகிற வேலை மிச்சமானதால், இருந்த இடத்திலேயே கவிழ்க்க ஆரம்பித்தார்கள். போதாததற்குத் தேநீருக்கு வைத்திருந்த லாமிங்டன் கேக் உள்ளே மாட்டிக்கொண்டது. அந்தப் பழியும் சியோனே தலையில் விழுந்தது. நாற்காலி சூடாவதற்குள் அவனும் போனான்.

"நிறுத்துங்க!" என்று கத்தினார் பிரூவெட். "இனிமே பாதிப்பேர் கையெழுத்துப் போட்டாதான் பிரதமரை மாத்தலாம்!"

காகிதத் தட்டுகளில் கையெழுத்துகள் மளமளவென்று விழுந்தன. இரண்டு தட்டுகள் வந்தன.

"ஒண்ணு இப்ப இருக்கிற பிரதமருக்கு. இது யாருக்கு?" என்றார் பிரூவெட்.

"அடுத்தவருக்கு சார்" என்றாள் டாலியா.

"அது யாருன்னே இன்னும் தெரியாதே!"

"யாரா இருந்தா என்ன சார்? கவுக்கப் போறது நிச்சயம்தானே?"

சபாநாயகர் மார்னி, சாஸேஜ் புரட்டும் இடுக்கியால் மேசையைத் தட்டி, "அமைதி, அமைதி" என்றாள். காலையிலிருந்து அவள் வேறெதுவும் பேசவில்லை. வாயாடி இல்லை என்பதற்காகவே அவளைச் சபாநாயகராக்கியிருந்தார்கள்.

சாயங்காலத்துக்குள் பிரதமர்கள் பலர் வந்து போய்விட்டார்கள். வெங்காயம் மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. வெளியே எம்.பி.யின் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டதும் பிரூவெட் பாய்ந்து நடுவில் வந்து நின்றார்.

"போதும்! நானே பிரதமரா இருக்கேன். சம்மதம்னா கையைத் தூக்குங்க!"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லாக் கைகளும் ஒன்றாக உயர்ந்தன.

ஏகமனதாக! வாலூராவில் அவருக்கு அவருடைய மனைவிகூட ஓட்டுப் போட்டதில்லை. பிரூவெட் பிரதமர் நாற்காலியில் மெதுவாக, ருசித்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்தார். "என் அன்பான நாட்டு மக்களே" என்று தொடங்கி, ரயில் பாதை, மழைநீர், ராணுவம் என்று போய்க்கொண்டே இருந்தார். வெங்காயம் சுத்தமாக மறந்துபோயிற்று.

எம்.பி. நோரீன் ஃபெய்த் பின்வரிசையில் வந்து உட்கார்ந்தார். "இன்னிக்கு என்ன கத்துக்கிட்டீங்க கண்ணுங்களா?"

"நிலையான ஆட்சி, மேடம்" என்றாள் டாலியா.

பிரூவெட்டுக்குக் கண் கலங்கியது.

உடனே ஹீத் காகிதத் தட்டைத் தூக்கிக் காட்டினான். "பிரதமர் மேல எங்களுக்கு நம்பிக்கை இல்லை!"

"டேய், நான் உன் வாத்தியார்டா!"

"பதவி வேற, பாசம் வேற சார்."

எம்.பி. வாய்பிளந்து பார்த்தார். "எங்க கட்சியிலகூட இவ்வளவு சுத்தமா செய்ய மாட்டாங்க. அடுத்த வருஷமும் கட்டாயம் நடத்துங்க."

பிரூவெட் அதைக் காதில் வாங்கவே இல்லை. நாற்காலியின் இரண்டு கைகளையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "மக்கள் என்னைத்தான் தேர்ந்தெடுத்திருக்காங்க! ஏகமனதா! நான் எறங்க மாட்டேன்!" என்று முழங்கினார்.

மார்னி இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு இறங்கி வந்து, அவர் காதருகே குனிந்தாள்.

"சார், ஆளுக்கொரு தடவை பிரதமரா இருந்தோம்னு யுனிவர்சிட்டி விண்ணப்பத்துல எழுதிக்கலாம்னு காலையில பஸ்ஸுலயே பேசி முடிச்சுட்டோம், பாவம், உங்களுக்கும் ஆசை இருக்குமேன்னுதான் நடுவுல ஒரு தடவை குடுத்தோம், எறங்குங்க, அடுத்தது நான்."