பதினேழு சார் சொன்ன ஒரே ‘பரவாயில்ல’

பாபநாசம் வட்டாரத்தில் பதினேழு சார் அளவுக்கு விவசாயிகளிடம் திட்டு வாங்கிய மனிதர் இதுவரை பிறந்ததில்லை, இனிமேல் பிறக்கப் போவதுமில்லை. வாய்க்காலில் தண்ணீர் வராத வருஷத்தில் அதிகாரிகளுக்குக்கூட அவ்வளவு கிடைத்ததில்லை. அவரைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றியவர்கள் உண்டு. குலதெய்வத்திடம் போய் முறையிட்டவர்கள் உண்டு. அத்தனைக்கும் அவர் செய்த ஒரே குற்றம், நெல்லின் ஈரத்தை உள்ளது உள்ளபடி பார்த்துச் சொன்னது.

எங்கள் நெல் கொள்முதல் நிலையத்தில் அவருக்கு அதுதான் வேலை. நான் அங்கே சீசனுக்குச் சீசன் பில் போடும் கிளார்க். ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்குள் இருந்தால் நெல்லை எடுக்கலாம், தாண்டினால் கூடாது. நானாக இருந்தால் ஆளின் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் முன்னே பின்னே விட்டிருப்பேன். அவர் மீட்டரைத் தவிர வேறு எதையும் பார்க்க மாட்டார். அவருடைய சொந்த அக்கா புருஷன் டிராக்டரில் நெல்லோடு வந்து நின்ற நாளை மறக்கவே முடியாது.

“பதினேழு புள்ளி ரெண்டு. காய வச்சு எடுத்துட்டு வாங்க அத்தான்.”

“என்ன மாப்ள, உங்க அக்காவக் கட்டுனவன் நான்.”

“அக்கா நல்லாத்தான் இருக்காங்க. நெல்லுதான் காயல.”

அத்தான் மூன்று வருஷம் பேசவில்லை. ஆனால் அன்றைக்கு நடந்த மிச்சத்தையும் சொல்ல வேண்டும். நெல்லைத் திருப்பி அனுப்பிய கையோடு சார் செருப்பைக் கழற்றிவிட்டு, பேன்ட்டை முழங்கால் வரைக்கும் மடித்துக்கொண்டு களத்தில் இறங்கினார். அத்தான் நெல்லைக் கொட்டிப் பரப்ப, இவர் அதைக் காலால் துழாவிக்கொண்டே மேலும் கீழும் நடந்தார். இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூன்று மணி நேரம் ஒரே நெல்லைக் காய வைத்தார்கள். யார் நெல்லைத் திருப்பினாலும் அவர் இதைத்தான் செய்வார், திட்டியவர்களுக்கு இதுதான் இன்னும் எரிச்சல்.

நிலையத்தில் எலித் தொல்லை. மூட்டைகளை அடுக்கி வைத்த அட்டிகளைக் காவல் காக்க அவர் இரண்டு பெண் பூனைகளை வைத்திருந்தார். ஒல்லியாக இருந்ததற்குச் சன்னம் என்று பெயர், குண்டாக இருந்ததற்கு மோட்டா. நெல் ரகத்தைத் தவிர வேறு பெயர் அவருக்குத் தெரியாது என்று நாங்கள் கேலி செய்வோம். பூனைகளும் நிலையத்து ஊழியர்கள்தான் என்பது அவர் கட்சி. அதனால் மரியாதை குறையாது. “சன்னம், இந்தப் பக்கம் வாங்க. ரெண்டாவது அட்டிய இன்னைக்கி யாரு பாத்துக்கறது, நீங்களா அவங்களா?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காக நிற்கவும் செய்வார்.

அவர் கத்தோலிக்கர். தவக்காலத்தின் நாற்பது நாளும் கறி, மீன் தொட மாட்டார். ஊழியர்கள் என்ற முறையில் பூனைகளுக்கும் அதே சட்டம், தயிர்சாதம்தான். இதில் ஆச்சரியம் என்னவென்றால் அந்த நாற்பது நாளில்தான் இரண்டும் பளபளவென்று தேறும். “பாத்தீங்களா மேடம், தவக்கால ஒறுத்தலோட பலன்” என்று அவர் என்னிடம் பெருமைப்படுவார். லோடுமேன்களின் மேஸ்திரி மாணிக்கம் மட்டும் பூனை என்றாலே பொரிந்து தள்ளுவார். குறுக்கே பூனை போனால் அன்றைக்கு மூட்டை தூக்க மாட்டேன் என்று இரண்டு தடவை வேலையையே நிறுத்தியவர் அவர்.

அந்த சீசன் தொடக்கத்தில், நாய் பூனைகளுக்கு வெறிநோய்த் தடுப்பூசி முகாம் என்று ஆட்டோவில் மைக் வைத்துச் சொல்லிக்கொண்டு போனார்கள். வாசலில் பதினெட்டு டிராக்டர் நின்றது. “சார், மீட்டர நான் பாத்துக்கறேன், நீங்க போய்ட்டு வாங்க” என்றேன். “நீங்க பதினேழரைக்குக்கூட எடுத்துருவீங்க மேடம்” என்றார். உண்மைதான், எடுத்திருப்பேன். அதனால் பூனைகளை நான் கொண்டுபோவதென்று ஆனது. மோட்டா மடியிலேயே படுத்திருந்தது, அப்படியே கூடைக்குள் வைத்தேன். தூக்குவதென்றால் சன்னம் அவர் கைக்கு மட்டும்தான் வரும். என்னைக் கண்டதும் இரண்டு அட்டிகளுக்கு நடுவில் இருந்த சந்துக்குள் நுழைந்துகொண்டது. அரை மணி நேரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு ஒரு பூனையோடு போய் வந்தேன்.

“பரவாயில்ல மேடம். அவங்களுக்கு அடுத்த வருஷம் போட்டுக்கலாம்” என்றார், மீட்டரிலிருந்து தலையைத் தூக்காமல்.

பரவாயில்லை என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அப்போது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் கழிந்து ஒரு வாரம் இருக்கும். பட்டப்பகலில் வாய்க்கால் கரையிலிருந்து ஒரு கீரி நிலையத்துக்குள் வந்தது. ஆளைக் கண்டால் ஓடி ஒளிகிற பிராணி, பத்து பேர் நடுவில் தள்ளாடிக்கொண்டு நடந்தது. “பயமே இல்ல பாரேன் இதுக்கு” என்று ஒரு லோடுமேன் வியந்தார். எங்களில் ஒருவருக்கும் அது ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. சன்னம் அட்டி மேலிருந்து பாய்ந்தது. இரண்டும் கட்டிப் புரண்டன. கீரி போன பிறகு பார்த்தால் சன்னத்தின் மேலுதடு கிழிந்திருந்தது. சார் மஞ்சள் பற்றுப் போட்டார். லோடுமேன்கள் கைதட்டினார்கள், யாரோ சாக்குச் சணலில் அரளிப்பூவைக் கோத்து அதன் கழுத்தில் போட்டார்கள். நானும் கைதட்டினேன்.

ஒரு மாதம் போயிற்று. புண் ஆறி, நாங்கள் அதை மறந்தும் விட்டோம். பிறகு இரண்டு நாள் சன்னம் சாப்பிட வரவில்லை. மூன்றாம் நாள் அதே சந்துக்குள்ளிருந்து, நான் கேட்டே இராத ஒரு குரலில் கத்தியது. சார் வழக்கம் போல, “என்ன கோவம், வாங்க” என்று கையை உள்ளே விட்டார். பெருவிரலுக்குக் கீழே பற்கள் ஆழமாக இறங்கின. அவர் கத்தவில்லை. கையை வெளியே எடுத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கால்நடை மருத்துவர் ஒரத்தநாட்டில் படித்துவிட்டு வந்த சின்னப் பெண். வலையும் தடித்த கையுறையுமாக ஆட்களோடு வந்து, சன்னத்தைச் சாமான் அறையில் அடைத்துக் கிரில் கதவைப் பூட்டினார்.

“கீரி, நரி ஏதாவது கடிச்சுதா சார்?”

“கீரி. ஒரு மாசம் இருக்கும்.”

“தடுப்பூசி போட்டிருக்கா?”

நான் தரையைப் பார்த்தேன்.

“போடல. நான்தான் பரவாயில்லன்னுட்டேன்” என்றார் சார். என் பேரை எடுக்கவே இல்லை.

“வெறிநோயா இருக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு இருக்கும் டாக்டர்?” என்றும் அவரே கேட்டார்.

“இதுல சதவீதம் கிடையாது சார். நமக்கு வந்துட்டா வைத்தியமே இல்ல. பாத்துட்டுப் போட்டுக்கலாம்னு இருக்கக் கூடாது. கைய சோப்பு போட்டு ஓடுற தண்ணில பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க. அதத் தொட்டவங்க, நக்கு வாங்குனவங்க யாரையும் விட்டுறாதீங்க.”

அவர் குழாயடியில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பதினேழு நிமிடம் கழுவினார். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. பிறகு ஈரக் கையோடு எல்லோரையும் கூப்பிட்டு வரிசையில் நிறுத்தினார்.

“யார் யாரு சன்னத்தத் தொட்டீங்க, சொல்லுங்க. வெக்கப்பட வேண்டாம்.”

“பூனைய நாங்க எதுக்கு சார் தொடப் போறோம்” என்றார் மாணிக்கம். பிறகு கடைசியில் நின்ற ஒருவர், “நான் ஒரு நாளு கெண்டைத் தலை குடுத்தேன்” என்றார்.

“ஒரு நாளா?”

“தெனமும்தான் சார்.”

அதற்கப்புறம் மடை திறந்துகொண்டது. ஒருவர் நெத்திலிக் கருவாடு. ஒருவர் ஆட்டு ஈரல். காவல்காரர் முட்டை. என் பங்குக்கு நானும் வஞ்சிரத் துண்டை ஒப்புக்கொண்டேன். சார் ஒவ்வொரு பெயராக எழுதிக்கொண்டே வந்தவர், பேனாவை நிறுத்திவிட்டு, “தவக்காலத்துலயா?” என்று மட்டும் கேட்டார்.

“நாங்க முருகனக் கும்புடுறவங்க சார், எங்களுக்கு ஏது தவக்காலம்” என்றார் ஈரல்காரர்.

சாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். மாணிக்கம் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு, மூட்டைக் கொக்கி கிழித்த தன் உள்ளங்கைகளையே பார்த்தார்.

“மத்தியானம் அது எம் நெஞ்சு மேலதான் சார் படுக்கும். முந்தாநேத்து வரைக்கும் கைய நக்கிட்டுக் கெடந்துச்சு. எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க சார்.”

சார் அந்தப் பெயரை எழுதினார். “ஒண்ணும் ஆகாது மாணிக்கம். நான் இருக்கேன்” என்றார். அவர் கையில் கடிபட்ட இடம் அப்போதும் கசிந்துகொண்டிருந்தது.

பதினோரு பேர் அரசு மருத்துவமனை வாசலில் டோக்கன் வரிசை மாதிரி நின்றோம். “என்ன சார், ஊரையே கூட்டிட்டு வந்துருக்கீங்க” என்றார் நர்ஸ். சாருக்குக் கடிவாயைச் சுற்றிலும் வேறு குத்தினார்கள். அவர் அசையாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த இரண்டு நாளும் கிரில் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தொடக் கூடாது என்பது உத்தரவு, அவர் உத்தரவை மீறுகிறவர் அல்ல. “கொஞ்சம் பொறுத்துக்குங்க சன்னம்” என்று அவ்வப்போது சொல்வது மட்டும் கேட்கும். அந்த இரண்டு நாளும் மீட்டர் என் கையில் இருந்தது. “நீங்களே பாருங்க மேடம்” என்று எடுத்துக் கொடுத்தது அவர்தான். நான் ஆசைப்பட்டுக் கேட்டது, இப்படிக் கிடைக்க வேண்டாம். ஒரு அம்மா கொண்டுவந்த நெல் பதினேழு புள்ளி ஒன்று காட்டியது. கெஞ்சினார். என்னால் எடுக்க முடியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் களத்தில் இறங்கி அந்த நெல்லைத் துழாவினேன். மீட்டரை நம்பிக் கொடுக்கிற ஆளாக நான் முன்னமே இருந்திருந்தால், முகாமுக்கு அவர் போயிருப்பார். அவர் கூப்பிட்டிருந்தால் சன்னம் வந்திருக்கும்.

மூன்றாம் நாள் காலையில் அது செத்துக் கிடந்தது. உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் தலையைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், எப்படியிருந்தாலும் உங்கள் ஊசியை நிறுத்தப் போவதில்லை என்று டாக்டர் விளக்கினார். வாழ்நாள் முழுக்க அளந்து பார்க்காமல் எதையும் நம்பாத மனிதர் மறுத்துத் தலையை ஆட்டிவிட்டார்.

“வேண்டாம் டாக்டர். அவங்க முழுசாவே போகட்டும்.”

மாணிக்கம் ஆளுயரத்துக்குக் குழி வெட்டினார். பிளீச்சிங் பவுடர் தூவி மூடினோம். இருபத்தெட்டாம் நாள் கடைசி ஊசி. மாணிக்கம் அசந்திருப்பார் என்று சார் காலையிலேயே அவர் வீட்டு வாசலில் போய் நின்றார். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பதினோரு பேரும் அன்றைக்குப் பிழைத்தது அவர் எழுதிய அந்தப் பட்டியலால்தான்.

அடுத்த வருஷம் அவரைத் திருப்பனந்தாள் பக்கம் மாற்றினார்கள். மோட்டாவை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் முகாம் நாளில், சரியாக நான் கூடையோடு வீட்டுப் படியேறும்போது போன் வரும். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது.

“போட்டாச்சா?”

“போட்டாச்சு சார்.”

“சரிங்க மேடம்.” அவ்வளவுதான், வைத்துவிடுவார்.

போன மழைக்காலத்தில் மாரடைப்பில் போய்விட்டார். அடக்கத்துக்கு மாணிக்கமும் மற்றவர்களும் வேன் பிடித்து வந்தார்கள். அத்தான் பெட்டியின் காலடியை விட்டு நகரவில்லை.

இந்த வருஷ முகாம் சென்ற வாரம் நடந்தது. மோட்டாவுக்கு வயதாகிவிட்டது, கூடைக்குள் தானாகவே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. திரும்பி வந்து படியில் கூடையை வைத்துவிட்டு, கையில் போனோடு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அது அடிக்கவில்லை. “போட்டாச்சு சார்” என்று நானாகவே சொல்லிவிட்டு உள்ளே போனேன்.