கடலுக்கொரு இறால்

"சார், இந்த இறாலுக்குக் கொம்பு குட்டையா இருக்கே. எதைப் பாத்து வரையறது?"

படம் வரைய வந்திருந்த பெண் இப்படிக் கேட்டதும் அருங்காட்சியகத்து இறால் நிபுணர் தட்டை எட்டிப் பார்த்தார். சாயங்காலம் தலைமை மேடத்துக்குப் பிரிவு உபசாரம். அவர் ஆராயக் கொடுத்த ஜாடியில் கிடந்த, பல கடல்களில் பிடித்த ஆழ்கடல் இறால்களில் ஒன்றைப் புது இனம் என்று அறிவித்து, மேடத்தின் பெயரையே அதற்குச் சூட்டிவிட்டால், காலியாகும் நாற்காலி தனக்குத்தான் என்று இவர் மனக்கோட்டை கட்டியிருந்தார். அந்தக் கோட்டையில் மனைவி ஏற்கெனவே குடியேறிவிட்டாள்.

"நெத்திக் கொம்பு நீளமா இருக்கறதுதான் புது இனம்னீங்க?"

"ஆமா. குட்டைக் கொம்பு வேற இனம். ரெண்டையும் வரைங்க."

"இது நடுத்தரமா இருக்கே?"

அதை மூன்றாவது இனமாக்கினார். அடுத்ததற்குக் கொம்பு நீளம், ஆனால் முள் குறைவு. அதற்கடுத்தது முள்ளும் கோணல், கொம்பும் கோணல்.

"இப்படியே போனா ஆளுக்கொரு இனம் வந்துடும் சார்."

"கொம்பை விடுங்க. எந்தக் கடல்ல பிடிச்சதுன்னு பாத்துப் பிரிச்சுடலாம்."

மேடம் பேர் வாங்கியதே அப்படித்தான். கடலுக்கொரு இனம் என்று இளம் வயதில் அவர் எழுதியதை உலகமே தலையாட்டி ஏற்றுக்கொண்டிருந்தது.

சுவரில் உலகப் படத்தை மாட்டி, நீளக் கொம்புக்குச் சிவப்பு ஊசி, குட்டைக்கு நீலம் என்று குத்தத் தொடங்கினார். சிவப்பு எல்லாக் கடலிலும் ஏறியது. நீலம் விடாமல் அதன் பக்கத்திலேயே போய் ஒட்டிக்கொண்டது. ஒரே வலையில்கூட இரண்டும் வந்திருந்தன.

போன் அடித்தது. மனைவி.

"என்ன ஆச்சு? அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

"அதுக்குள்ள எதுக்குச் சொன்னே?"

"நீங்கதானே உறுதின்னீங்க. அம்மா சொந்தக்காரங்க எல்லாருக்கும் சொல்லியாச்சு."

இனி ஒரே வழிதான். பூட்டிய அலமாரியைத் திறந்து, மேடம் இனம் பிரித்த அசல் இறாலையே எடுத்து வந்தார். உலகத்தில் எவருக்குச் சந்தேகம் வந்தாலும் அதோடுதான் ஒப்பிட வேண்டும். அதையும் தட்டில் போட்டு, கொம்பு குட்டையிலிருந்து நீளம் வரை எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினார். அசல் நடுவில் கச்சிதமாகப் பொருந்தியது. ஐயோ, எல்லாம் ஒரே இனம். மேடத்தின் கடலுக்கொன்று என்ற கதையும் சேர்ந்து போயிற்று.

"இதுல மேடத்தோட இறால் எது சார்?"

பார்த்தார். புரட்டிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். வித்தியாசம் இருந்தால்தானே தெரிவதற்கு?

"நீங்க கவனிக்கலையா?" என்றார் பரிதாபமாக.

"நான் உங்களைத்தான் கவனிச்சேன். பேசாம எல்லாம் ஒண்ணுதான்னு உண்மையைச் சொல்லிடுங்களேன்."

"பிரிவு உபசாரத்துல போய், உங்க ஆயுசு உழைப்பு தப்புன்னு சொல்லவா? நாற்காலி போயிடும்மா. வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்க முடியாது."

இருந்ததில் கொஞ்சம் லட்சணமான இறாலை அசல் என்று முடிவு கட்டி அலமாரியில் வைத்துப் பூட்டினார். நீளக் கொம்பன் ஒன்றுக்கு மேடத்தின் பெயரைச் சூட்டினார். அந்தப் பெண் அதை வரைந்து கொடுத்தாள்.

சாயங்காலம் எல்லார் முன்னாலும் படத்தை நீட்டினார். மேடம் படத்தைப் பார்த்தார். இவரை அதைவிட நேரம் பார்த்தார். "ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு, அது துளியும் இல்லாத முகத்தோடு போய் உட்கார்ந்தார்.

இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்தில் கேக் தின்றுகொண்டிருந்த மேடத்தின் கணவரிடம் குனிந்து, "மேடத்துக்குப் பிடிக்கலையா சார்?" என்று கேட்டார்.

கணவர் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"எல்லாம் ஒரே இனம்தான்னு அவளுக்கே எப்பவோ தெரிஞ்சுபோச்சு தம்பி, அதை மூஞ்சிக்கு நேரா சொல்ற ஆளுக்குத்தான் நாற்காலின்னு ஒவ்வொருத்தர்கிட்டயா அந்த ஜாடியைக் குடுத்துப் பாக்கறா, நீங்களும் அவ பேரையே வச்சுட்டீங்களே."