மணிமங்கலம் குளத்தில் அப்பா என்னைத் தலைமுழுகிய படம்

மேடையில் கைதட்டல் வாங்கிய பிறகும் சினிமா ஆசை வராதவன் ஞானி. நானோ எண்பதுகளில் மறைமலை நகர்க் கம்பெனி ஒன்றில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவன்.

எங்கள் தொழிலாளர் மன்ற ஆண்டுவிழாவில் நான் எழுதிய பாட்டு நாடகம் ஓகோவென்று ஓடியது. வேறு சாதிப் பெண்ணைக் கட்டிய மகனை அப்பா தலைமுழுகுகிறார். கடைசியில் மனம் மாறி மருமகளை அழைத்துக்கொள்கிறார். ஊரே சேர்ந்து பாடுகிறது. எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போண்டாவுக்குப் போனார்கள். நான் வாடகைக் கேமராவுக்குப் போனேன். (கதை, பாட்டு, இயக்கம், கதாநாயகன் எல்லாம் அடியேன்.)

மேடையில் ஒரு செம்புத் தண்ணீரோடு முடிந்த தலைமுழுகலுக்கு, சினிமாவில் நிஜக் குளம் வேண்டாமா? மணிமங்கலம் கோயில் குளத்தைப் பிடித்தேன். ஜனங்கள் கேமராவையே பார்ப்பார்கள் என்று அதை அரளிப் புதருக்குள் ஒளித்தேன். அப்பா வேஷக்காரருக்கு கம்பெனியில் ஓவர்டைம் விழுந்ததால் சொந்த அப்பாவையே இறக்கினேன்.

"உயிரோட கீற புள்ளைக்குத் தலைமுழுகக் கூடாதுடா."

"சினிமாப்பா!"

எனக்குப் பார்த்திருந்த பெண்ணின் வீடும் மணிமங்கலம்தான். அடுத்த வாரம் தாம்பூலம் மாற்ற வேண்டும். (படத்தைப் போட்டுக் காட்டி அசத்தலாம் என்று அவர்களிடம் மூச்சு விடவில்லை. மேதை!)

அப்பா மூன்று முழுக்குப் போட்டு எழுந்து, "எனக்குப் புள்ளையே இல்ல! அவளோடயே போ!" என்று கத்தினார். அருமையான நடிப்பு. படியில் நான் தேம்பியபடி, புடவை கட்டிய தயாளனின் கையைப் பிடித்திருந்தேன். தயாளன் எனக்குப் பக்கத்து லேத். மன்றத்தின் நிரந்தரக் கதாநாயகி.

துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள், துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். பத்து நிமிடத்தில் வருங்கால மாமனார், பின்னால் பாதி ஊர்.

"இன்னா சம்பந்தி இது? பையனுக்கு வேற தொடுப்பு கீதுன்னு ஒரு வார்த்தை சொல்ல வேணாமா?"

நண்பனைக் காப்பாற்றும் வேகத்தில் தயாளன் விக்கைக் கழற்றினான்.

கூட்டம் ஒரு அடி பின்வாங்கியது. மாமனார் தூணைப் பிடித்துக்கொண்டார். "ஆம்பளையா!"

"சினிமா மாமா, சினிமா!" என்று கேமராவை இழுத்து வந்தேன்.

"அப்ப படத்தைக் காட்டு."

"ஃபிலிம் கழுவி வர மூணு வாரம் ஆகும்..."

வேறு வழி தெரியாமல், தேம்பித் தேம்பி நாடகத்தின் கடைசிப் பாட்டை ஆரம்பித்தேன். நடுங்கிக்கொண்டிருந்த அப்பா, ஈர வேட்டியோடு, மீசையை மழித்த மருமகளை மார்போடு அணைத்து, சுருதிக்குச் சம்பந்தமில்லாமல் கூடவே பாடினார். கூட்டத்தில் ஒருத்தரும் அழவில்லை. மாமனார் தாம்பூலத்தை மறந்துவிடச் சொல்லித் திரும்பினார்.

அப்போது குடத்தோடு நின்ற பெண்களுக்கு நடுவிலிருந்து ஒரு குரல்.

"அப்பா, அது நடிப்புதான். நெஜமா அழுவுறவன் இவ்ளோ கேவலமா அழுவ மாட்டான்."

மாமனார் என் முகத்தை உற்றுப் பார்த்தார். நியாயம் என்று பட்டிருக்க வேண்டும், சிரித்துவிட்டார். தாம்பூலம் மாறியது. கழுவி வந்த ஃபிலிமில் அரளி இலையைத் தவிர ஒன்றுமில்லை.

அந்தக் குரல்காரியோடுதான் இத்தனை வருடமாகக் குடும்பம் நடத்துகிறேன். நான் காய்ச்சல் என்று படுத்தால் பிள்ளைகள் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். தெர்மாமீட்டரெல்லாம் கிடையாது. முகத்தை ஒரு தரம் பார்க்கிறாள்.

"நெஜந்தான். நடிப்புன்னா இன்னும் மோசமா இருக்கும். கஞ்சி வைங்க."