மடியை பஸ் ஏற்ற முடியாது மச்சான்

தவளக்குப்பம் ஜங்ஷனில் ஹார்டுவேர் கடை நடத்திவரும் மரியாதைக்குரிய மச்சான் ஆண்டனி அவர்களுக்கு, கூடப்பாக்கத்திலிருந்து உங்கள் தங்கை சுவேதாவின் கணவன் பிரிட்டோ வணக்கத்துடன் எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே நான், சுவேதா, குழந்தை மெர்லின் மூவரும் இருக்கிறோம். சுகமாக இருக்கிறோமா என்பது படித்தால் தெரியும். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். சுகமாக இருந்தால்தான் இதைப் படித்துவிட்டுக் கோபப்பட உங்கள் உடம்பில் தெம்பு இருக்கும். என் நம்பரை நீங்கள் பிளாக் செய்துவிட்டதால், உங்கள் பக்கம் பால் வண்டி ஓட்டும் பக்கிரி அண்ணன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பால் வண்டியை நீங்கள் பிளாக் செய்ய முடியாது.

நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் தெரியாதவர் மாதிரி ஊரெல்லாம் பேசிக்கொண்டிருப்பதால் முதலிலிருந்தே எழுதுகிறேன். சுவேதாவுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்து, பயிற்சிக்கு செகந்திராபாத் போகச் சொன்னபோது மெர்லினுக்கு ஐந்து மாதம். நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசித்தான் திருபுவனைக் கம்பெனி வேலையை நான் விட்டேன். அன்றைக்கே நீங்கள், "ஆம்பள வூட்ல குந்திக்கினு கொழந்த துணி தொவைக்கிறதா மாப்ள, இன்னா அசிங்கம் இது?" என்று கேட்டீர்கள். துவைக்கிறேன் மச்சான். துவைத்து மொட்டை மாடியில் காயவும் போடுகிறேன். பாகூர் வரைக்கும் தெரியட்டும்.

மூன்று மாதம் கழித்து சுவேதா லீவில் வந்தாள். வில்லியனூரில் பஸ்ஸை விட்டு இறங்கியவள் பையைக்கூடக் கீழே வைக்காமல், அங்கே காத்திருந்த என் கையிலிருந்து குழந்தையை வாங்கினாள். வாங்கியதுதான் தாமதம், மெர்லின் ஒரு கத்துக் கத்தினாள் பாருங்கள், பூக்கடைக்காரம்மா எழுந்து வந்து, "யாரும்மா நீ, கொழந்தைய இன்னா பண்ண?" என்று உங்கள் தங்கையைக் கேட்டுவிட்டாள். "நான்தாங்க அதோட அம்மா" என்றாள் சுவேதா. வீட்டுக்கு வந்தும் அதே கதை. சுவேதா ஒரு அடி கிட்டே வந்தால் மெர்லின் என் சட்டைக்குள் தலையை விட்டுக்கொள்வாள். சாயந்திரம் ஆனதும் என் போனை எடுத்து அதில் முகத்தைத் தேடி ஆய் ஆய் என்று கத்த ஆரம்பித்தாள். தினமும் அந்த நேரத்தில்தான் அவள் அம்மா வீடியோ காலில் வருவாள். சுவேதா அடுத்த அறைக்குப் போய் அங்கிருந்து எனக்கு வீடியோ கால் போட்டாள் மச்சான். குழந்தை போனைப் பார்த்துக் கையைக் காலை உதைத்துச் சிரிக்கிறாள், முத்தம் கொடுக்கிறாள், கண்ணாடியெல்லாம் எச்சில். சுவேதா ஆசையாக எழுந்து இந்த அறைக்கு வந்தாள். உடனே அழுகை. உங்கள் தங்கை தரையில் உட்கார்ந்து, "எம் புள்ளைக்கு நான் ஒரு போனா பூட்டேங்க" என்றாள்.

அந்த நேரம் பார்த்து வந்தீர்கள் நீங்கள். வந்து, பார்த்து, என் டீயையே குடித்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னீர்கள். "மாப்ள, எல்லாம் ஒன்னாலதான். நீ கொஞ்ச நாளு எங்க வூட்டுக்கு வந்துடு. நீ கண்ல படலன்னா கொழந்த தன்னால ஆத்தாகிட்ட பூடும்." சுவேதாவின் முகத்தைப் பார்த்து நானும் தலையாட்டிவிட்டேன். மறுநாள் காலையில் குழந்தை அசந்த நேரம் பார்த்துத் திருடன் மாதிரி கிளம்பி உங்கள் வீட்டுக்கு வந்தேன். மத்தியானம் அக்கா சோறு போட்டு, மீன் குழம்பு ஊற்றி, நான் பிசைந்துகொண்டிருக்கும்போது சுவேதா போன் செய்தாள். "பால் குடிக்கல. இப்ப அழக்கூட இல்லங்க. வாசலையே பாத்துக்கினு படுத்துனுக்கீது. எனக்கு பயமாக்கீது." பிசைந்த கையோடு எழுந்தேன். பஸ்ஸில் கண்டக்டர் என் கையைப் பார்த்துவிட்டு டிக்கெட்டை என் சட்டைப் பையில் செருகினார். இதைத்தான் நீங்கள், "சோத்த ஒதச்சிட்டு ஓடிட்டான்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். உதைக்கவில்லை. வஞ்சிர மீன் அது, எவன் உதைப்பான்?

வீட்டுக்குள் நுழைந்ததும் மெர்லின் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. என்னைப் பிடித்துக்கொண்டு, என் தோளைக் கடித்துக் கடித்து அழுதாள். எட்டு மாதக் குழந்தைக்குக் கோபம் வரும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். கடியின் தடம் இன்னும் இருக்கிறது, வேண்டுமானால் வந்து பாருங்கள்.

அதனால் தீர்மானமாக எழுதுகிறேன். நான் எங்கேயும் வர மாட்டேன். என் மடியில் உட்கார்ந்துகொண்டுதான் அவள் உங்கள் தங்கையை எட்டி எட்டிப் பார்க்கிறாள். அந்த மடியையே பஸ் ஏற்றி அனுப்பிவிட்டால் எங்கே உட்கார்ந்து பார்ப்பாள்? இப்போது நான் பிடித்துக்கொள்ள சுவேதா கஞ்சி ஊட்டுகிறாள். குளிப்பாட்டும்போது நான் தண்ணீர் ஊற்ற அவள் தேய்க்கிறாள். நேற்று மெர்லின் என் மடியிலிருந்தபடியே கையை நீட்டி சுவேதாவின் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தாள். ரத்தம் வந்தது. "வுடுங்க, இழுக்கட்டும்" என்று உங்கள் தங்கை கண்ணில் தண்ணீரோடு சிரித்தாள். இது எங்கள் வீடு, எங்கள் குழந்தை, எங்கள் வழி. எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும். நீங்கள் கூப்பிட்டாலொழிய நான் உங்கள் வீட்டுக்கு வர மாட்டேன், நான் கூப்பிட்டாலொழிய நீங்கள் இங்கே வந்து யோசனை சொல்ல வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம், மீன் குழம்புக்குத் தனியாக ஒரு வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம். ஆண்டவர் உங்கள் கடையையும் வாயையும் காப்பாராக.

இப்படிக்கு,
எதற்கும் அசையாத
பிரிட்டோ

பி.கு.: மச்சான், மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். பக்கிரி அண்ணன் வருவதற்குள் இங்கே எல்லாம் மாறிவிட்டது. காலையில் மெர்லின் என் மடியிலிருந்து இறங்கித் தானாகவே தவழ்ந்து போய் சுவேதாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். நான் கைதட்டினேன். அப்புறம் தூக்கப் போனால் என்னைப் பார்த்து அதே கத்து. இப்போது நான் அடுத்த அறையில் இருக்கிறேன். அதுகூடப் பரவாயில்லை. உங்கள் தங்கை செகந்திராபாத் திரும்பக் கட்டி வைத்த பையைப் பிரித்துத் துணியை எல்லாம் பீரோவில் அடுக்கிவிட்டு, "வேலையும் வாணாம் ஒண்ணும் வாணாம், நான் போவல" என்கிறாள். இரண்டு வருடம் படித்து வாங்கிய வேலை. நான் வாயைத் திறந்தால், "ஒங்களுக்கு பொறாம" என்கிறாள். நீங்கள் சொன்னால்தான் கேட்பாள். அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிடுங்கள், வந்து உங்கள் இஷ்டத்துக்குத் தீர்ப்புச் சொல்லுங்கள். குழந்தை உங்களைப் பார்த்து அழுவாள். மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். நானும் அதைத்தான் பழகிக்கொண்டிருக்கிறேன்.