படிக்கச் சொன்ன சுவர்

சுவர் மறுபடியும் தட்டியபோது பிரபாவதி இந்திய அரசியலமைப்பின் மேல் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

டொக். டொக். டொக்.

எழுந்து வாயைத் துடைத்துக்கொண்டாள். எலியாக இருக்கும் என்று நினைத்தாள். எலி இவ்வளவு நிதானமாக, இடைவெளி விட்டுத் தட்டுமா என்ற கேள்வியை அப்புறம் யோசிக்கலாம் என்று தள்ளிவைத்தாள். எதையும் தள்ளிவைப்பதில் அவள் கைதேர்ந்தவள். குரூப் ஃபோர் தேர்வில் ஒவ்வொரு முறையும் கோட்டை விட்டதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. இந்த வருடத்தோடு அவளுக்கு வயது வரம்பும் முடிகிறது. இதையும் விட்டால் ஊரார் புடவைக்கு ஃபால்ஸ் தைத்தே காலம் தள்ள வேண்டியதுதான்.

பிள்ளைகள் பள்ளிக்கும் கணவன் நாகேந்திரன் ஆட்டோ ஸ்டாண்டுக்கும் போன பிறகு, சோறு வடித்து, துணி துவைத்து, படிக்க உட்காரும்போது உச்சி வெயில் வந்துவிடும். அந்த நேரத்தில் திருத்தணியில் மலைக்கோயில் மணி கூட அடிக்காது. தெருவில் நாய் இருக்காது. புத்தகத்தைத் திறந்தால் கண் மூடிக்கொள்ளும்.

தூக்கம் கலைய வேண்டுமென்று ஒரு பக்கத்தை உரக்கப் படித்தாள். தட்டல் நின்றது. மூச்சு வாங்க நிறுத்தினாள்.

டொக்.

அவள் வீடு மலைச் சரிவில் இருந்தது. அவளுடைய பின்சுவர்தான் கீழ்த்தெரு வீட்டுக்கும் பின்சுவர். தெலுங்குப் பள்ளியில் வேலை பார்த்த ஞானம்மாள் டீச்சர் அந்த வீட்டில்தான் இறந்துபோனார். கீழ்த்தெருவுக்குப் போக வேண்டுமென்றால் சரிவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும் என்பதால் இவள் அந்தப் பக்கம் போவதே இல்லை.

சாயங்காலம் நாகேந்திரனிடம் சொன்னாள். அவன் வயிறு குலுங்கச் சிரித்தான். மறுநாள் மத்தியானம் ஆட்டோவை எடுத்துக்கொண்டு கீழ்த்தெருவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். வந்தவன் சிரிக்கவில்லை.

"பூட்டு தொங்குது பிரபா. ஜன்னல் கூட சாத்திக்கினுதான் கீது."

"உள்ள சத்தம் கேட்டுச்சா?"

"கேக்கற அளவுக்கு நான் அங்க நிக்கல."

பின்கட்டில் உட்கார்ந்தால்தானே வம்பு என்று அவள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு இடம் மாறினாள். அதுவும் வாய்க்குள் படித்தாள், ஒரு சத்தமும் போகாமல். சுவர் முதலில் பொறுமையாகத் தட்டியது. பிறகு வேகமாகத் தட்டியது. பிறகு பேசியது.

"சதுவு..."

ஆண் குரலா பெண் குரலா என்று சொல்ல முடியாத ஒரு கரகரப்பு. எல்லையோரத்தில் பிறந்தவளுக்கு அந்த அளவு தெலுங்கு தெரியும். படி என்கிறது சுவர்.

பிரபாவதி எழுந்து வெளியே ஓட நினைத்தாள். ஆனால் கால் தானாகப் பின்கட்டுக்குப் போனது, வாய் தானாகப் புவியியலைச் சத்தமாகப் படித்தது. பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும் வரை நிறுத்தவே இல்லை. அவள் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு படித்தது அன்றுதான்.

பக்கத்து வீட்டு வள்ளிநாயகிக்குத் தாய்வீடு ஆந்திராவில் நகரிப் பக்கம். விஷயத்தைக் கேட்டதும், டீச்சரேதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். பாடம் முடிக்காமல் செத்தவர்கள் சும்மா இருக்க மாட்டார்களாம். தங்கள் ஊரில் இதற்குக் கைவைத்தியம் உண்டு என்று மஞ்சளைக் குழைத்து, அந்தச் சுவரில் தெலுங்கில் 'நாளை வா' என்று பெரிதாக எழுதினாள். பேய் அதைப் படித்துவிட்டு, சரி, நாளைக்கு வரலாம் என்று போய்விடும். மறுநாளும் அதையே படித்துவிட்டுப் போகும். இப்படியே அதன் காலம் கழிந்துவிடும்.

பிரபாவதிக்கு இது சட்டென்று விளங்கியது. பாடப் புத்தகங்களை அவள் பல வருடங்களாக இப்படித்தான் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

அன்று கண்டக்டர் மனைவியின் புடவைக்கு ஃபால்ஸ் தைக்க வேண்டியிருந்ததால் அவள் படிக்கவில்லை. தையல் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது, சுவர் சும்மா இருந்தது. வைத்தியம் பலித்தது என்று வள்ளிநாயகிக்கு ஒரு பூசணிக்காய் கொடுத்தனுப்பினாள். மறுநாள் மெஷினை மூடிவிட்டுப் பாயை விரித்தாள். தலை சாய்ந்த உடனே சுவர் அதிர்ந்தது. மஞ்சள் எழுத்து பொலபொலவென்று உதிர்ந்தது.

நாகேந்திரன் இடுப்பில் கை வைத்து அந்தச் சுவரைப் பார்த்தான். "அது இன்னா உன்ன மாதிரியா? நாளைக்குன்னு சொன்னா நாளைக்கு வந்துடுது."

அடுத்த யோசனையும் அவனுடையதுதான். அவள் படிப்பதைக் கைபேசியில் பதிவுசெய்து சுவரோரம் ஓடவிட்டான். பேய்க்குப் பாடமும் ஆச்சு, உனக்குத் தூக்கமும் ஆச்சு என்றான். நியாயம்தானே என்று அவளும் படுத்தாள். கைபேசி சோழர் நிர்வாகத்தை வாசித்தது. சுவர் வாய் திறக்கவில்லை. பிரபாவதி குறட்டை விட்டாள்.

குடவோலை முறை நடந்துகொண்டிருக்கும்போது பேட்டரி தீர்ந்துபோனது.

இந்த முறை அடித்த அடியில் முருகன் காலண்டர் கீழே விழுந்தது. அவள் துள்ளி எழுந்து வாசலை நோக்கி ஓடினாள். தாழ்ப்பாளில் கை வைத்தபோது அந்தக் குரல் கேட்டது. மிரட்டவில்லை. அழுவதைப் போலக் கெஞ்சியது.

"சதுவு தல்லி... சதுவு..."

படி தாயே, படி.

பிரபாவதி அப்படியே நின்றாள். பயம் இருந்தது. ஆனாலும் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள். பள்ளிப்பட்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மறுநாளே அவளை நூல் சுற்ற உட்காரவைத்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு தபாலில்தான் பட்டம் வாங்கினாள். படித்து என்ன கிழிக்கப்போகிறாய் என்று கேட்டவர்கள் உண்டு. படிச்சது போதும் என்று சொன்னவர்கள் உண்டு. இத்தனை வயதில் அவளிடம் முதன்முதலாகப் படி என்று கெஞ்சியது ஒரு சுவர்.

"அழாதீங்க டீச்சர், படிக்கறேன்" என்றாள்.

அன்றிலிருந்து உச்சி வேளை வந்தால் முகம் கழுவி, விபூதி இட்டு, சுவருக்கு எதிரே உட்கார்ந்துவிடுவாள். பயம் மட்டும் போகவில்லை. ஆனாலும் நிறுத்தவில்லை. கணக்குகளைக் கூட வாய்விட்டுப் போட்டாள். சில நாள் சுவருக்குள்ளிருந்து ஒரு நீண்ட பெருமூச்சு வரும். டீச்சருக்குத் திருப்தி என்று எடுத்துக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போவாள். சோம்பல் தலைகாட்டும் நாட்களில் ஒரே ஒரு டொக் போதும்.

தேர்வு முடிந்தது. அப்பாடா என்று மறுநாள் படுத்தாள். டொக். டீச்சருக்கு குரூப் டூவும் வேண்டும் போலிருக்கிறது என்று தலையில் அடித்துக்கொண்டு அந்தப் புத்தகத்தை எடுத்தாள்.

முடிவு வந்தபோது நாகேந்திரன்தான் நம்பரை முதலில் பார்த்தான். ஆட்டோ சீட்டிலேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு கலந்தாய்வுக்காக இருவரும் சென்னைக்குப் போய் ஒரு நாள் தங்கி, இளநிலை உதவியாளர் பணி ஒதுக்கீட்டோடு திரும்பினார்கள்.

வந்ததும் தேங்காய், பழம், கற்பூரம் வாங்கினாள். டீச்சர் வாசலில் ஏற்றிவிட்டு வர வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றாள். வேண்டாமே என்று இழுத்த நாகேந்திரனும் கூட வந்தான். கீழ்த்தெருவில் வெயில் கொளுத்தியது. ஒரு ஆள் இல்லை. அந்த வீட்டுக் கதவில் பூட்டும் இல்லை.

நாகேந்திரன் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டான். பிரபாவதி கற்பூரத்தை ஏற்றினாள். கதவு கிரீச்சென்று தானாகத் திறந்தது. தட்டு கையிலிருந்து நழுவப் பார்த்தது.

தலையில் துண்டு கட்டிய ஒரு பெண் துடைப்பத்தோடு நின்றாள். தூங்காத கண்கள்.

"யாருங்க? எங்க வாசல்ல எதுக்குக் கற்பூரம்?"

அவள் பெயர் கல்பனா. சித்திரையில் ஆந்திராவின் புத்தூரிலிருந்து குடிவந்தவள், மலை மேல் பூக்கடையில் வேலை. வயதான அப்பாவுக்கு நினைவு தடுமாறுகிறது. ஒருமுறை பஸ் ஸ்டாண்டு வரை போய்த் தொலைந்துவிட்டார். அதிலிருந்து வெளியே பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறாள். இரண்டு நாளாக அவர் படுத்தும் பாட்டில் இன்று கடைக்கே போகவில்லை என்றாள். உள்ளே கட்டிலில் எலும்பும் தோலுமாக ஒரு கிழவர் கைத்தடியைப் பிடித்தபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"அப்போ சுவத்த தட்டுனது..."

"எங்க நைனாதாங்க. அந்தத் தடியாலதான். லீவு நாள்ல நானே பாத்திருக்கேன். மேல் வீட்டுல படிக்கிறவங்க நீங்கதானா?"

பிரபாவதிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முகம் கூடத் தெரியாத ஒரு மனிதர் மாதக்கணக்கில் தன்னை விரட்டி விரட்டிப் படிக்கவைத்திருக்கிறார். தட்டை அப்படியே கல்பனாவின் கையில் வைத்தாள்.

"நான் பாஸ் பண்ணணும்னு அவருக்கு அவ்ளோ ஆசையாம்மா?"

கல்பனா விழித்தாள். "பாஸா? அதெல்லாம் அவருக்குத் தெரியாதுக்கா. மாத்திரை போட்டாக்கூட கண்ண மூடாத மனுஷன், நீங்க படிக்கிறத கேட்டாத்தான் தூங்கறாரு."