முட்டை அண்ணன் பூசிய சிவப்பு

முட்டை அண்ணன் அளவுக்குப் பயந்த மனிதரை மதுரை ஜில்லாவிலேயே பார்க்க முடியாது. பல்லி, மின்வெட்டு, மாடிப்படி எல்லாமே அவருக்கு ஆபத்துதான். இரண்டாயிரமாவது வருஷ வாக்கில் பசுமலையில் ஒரே அறையில் இருந்தோம். எனக்கு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று துணி விரிக்கும் வேலை. அவருக்கு, முட்டைக்குள் கோழிக்குஞ்சின் எலும்பு எப்படி உருவாகிறது என்ற ஆராய்ச்சி.

ஒரு செல் பக்கத்துச் செல்லுக்குப் புரதம் வழியாகச் சேதி அனுப்புமாம். சேதி கிடைத்தவை முதலில் குருத்தெலும்பாகி, அப்புறம் எலும்பாகுமாம். “சேதி பிந்துனா முடிஞ்சது மாப்ள, ரெக்கை கோணிரும்” என்பார், சொந்தக்காரருக்கு வந்த கஷ்டம் போல. சாயம் ஏற்றினால் குருத்தெலும்பு நீலமாகவும் எலும்பு சிவப்பாகவும் தெரியும். கண்ணால் சிவப்பைப் பார்க்காமல் நோட்டில் சிவப்பு மையே தொடமாட்டார். அவசரப்பட்டால் பொய்யாகிவிடுமோ என்று அதற்கும் பயம்.

அந்தச் சமயத்தில்தான் ஆரப்பாளையத்தில் பஸ்ஸிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டேன். ஒன்றரை மாதம் மாவுக்கட்டு போட்டும் எலும்பு கூடவில்லை. இன்னும் இரண்டு வாரம் பார்ப்போம், இல்லாவிட்டால் அறுத்துத் தகடு வைக்க வேண்டும் என்றார் டாக்டர். நொண்டிக்கொண்டு வருவதானால் வரவே வேண்டாம் என்று முதலாளி சொல்லியனுப்பினார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அண்ணன் எக்ஸ்ரேயை ஜன்னலில் தூக்கிப் பிடித்தார்.

“குருத்தெலும்பு இதுல தெரியாது மாப்ள. சேதி போயிருக்கும்.”

சொல்லிவிட்டு, முறிவுக்கு நேராக மாவுக்கட்டின் மேல் நீலப் பேனாவால் ஒரு பட்டை போட்டார். தினமும் காலையில் அந்தப் பட்டையைத் தொட்டு, இன்னும் கொஞ்ச நாள்தான் என்று அதற்குத் தைரியம் சொல்வார். என் முகத்தை மட்டும் பார்க்கமாட்டார்.

கெடு நாளும் வந்தது. ஆஸ்பத்திரியில் என் லுங்கியை விலக்கிய நர்ஸ் வெளிறிப்போனார். கட்டின் மேல் ரத்தச் சிவப்பு. உள்ளே புண் உடைந்துவிட்டது என்று டாக்டரைக் கூப்பிட ஓடினார். கால் போச்சு என்றே முடிவுகட்டி, கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். கட்டை வெட்டிப் பிரித்தார்கள். உள்ளே ஒரு சொட்டு ரத்தமில்லை. வெளியில் இருந்தது சாயம். உடனே எக்ஸ்ரே எடுத்தார்கள். முறிவைச் சுற்றிப் புது எலும்பு படர்ந்திருந்தது. அறுக்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டு, சாயம் பூசியவன் யார் என்று டாக்டர் கத்த ஆரம்பித்தார்.

அண்ணன் வராந்தாவில் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தார். எலும்பு கூடிவிட்டது என்றதும் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

“காலைல நீ தூங்கையில பூசிட்டேன். எலும்பு வரதுக்கு முன்னாடி பூசக் கூடாதுதான். பயமா இருந்துச்சு மாப்ள.”

பிறகு அவர் பட்டம் வாங்கி வெளியூர் போய்விட்டார். எத்தனையோ முட்டைகளை உடைத்துப் பார்த்திருப்பார். எலும்பைக் கண்ணால் பார்க்காமல் அவர் சிவப்பைத் தொட்டது ஒரே ஒரு தடவைதான், எனக்காக.